“அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள்

வயதான ஒருவர் முன்னால் ரெக்கார்டரை வைத்துவிட்டு, “அந்தக் காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அப்போதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள், இப்போது எல்லாமே மாறிவிட்டது என்கிற மாதிரி ஒன்று வரும். உலகத்தின் எந்த மூலையில் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான். அதில் அந்த ஊரும் இல்லை, அந்த ஆளும் இல்லை. அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகச் சொல்கிறார், அவ்வளவுதான். வாழ்ந்தவர்களின் நினைவை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்வதுதான் வாய்மொழி வரலாறு. அதைப் பழகுவதில் பெரும்பங்கு, இந்தத் தயார் பதிலைத் தாண்டி உள்ளே போகப் பழகுவதுதான். மைக், மென்பொருள், படிவம் எல்லாம் அப்புறம்.

ஓர் இடத்தின் பாரம்பரியம் என்றதும் பழைய கட்டடம், கல்வெட்டு, மங்கிய புகைப்படம் என்றே மனம் போகிறது. அவற்றுக்காவது ஏதோ ஒரு காகிதச் சாட்சி இருக்கும். ஓர் ஆலை எந்த ஆண்டு திறந்தது, யாருடையது, எப்போது மூடினார்கள் என்பதெல்லாம் ஏதாவது ஒரு கோப்பில் கிடக்கும். உள்ளே மனிதர்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் நெசவுப் பெண்கள் வாயை மிகையாக அசைத்து, கைச்சைகையும் சேர்த்து, தறிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அரட்டை அடித்தார்கள். அதற்கு ‘மீ-மாயிங்’ என்று அவர்களே பெயரும் வைத்திருந்தார்கள். ஆலையின் கணக்குப் புத்தகத்தில் இதைத் தேடினால் கிடைக்காது, வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். வாய்மொழி மரபு, கைத்தொழில் அறிவு, சடங்கு, நிகழ்த்துகலை போன்றவையும் காக்கப்பட வேண்டிய மரபுதான் என்று யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கையில் எழுதி வைத்ததே 2003இல்தான்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் 1948இல் தொடங்கிய திட்டத்தைத்தான் நவீன வாய்மொழி வரலாற்றின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். அது முதலில் அரசியலிலும் தொழிலிலும் பெரிய பதவிகளில் இருந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யத்தான் கிளம்பியது. உள்ளூர் மரபைப் பொறுத்தவரை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு முயற்சிகள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள் தங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி, அக்கம்பக்கத்தார் ஆகியோரிடம் கதை, வைத்தியம், இடப்பெயர், விளையாட்டு என்று கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். மொத்தம் லட்சக்கணக்கான பக்கங்கள், இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மலைப்பகுதியில் 1966இல் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்ற இதழ். மரவீடு கட்டுவது எப்படி என்பது மாதிரியான விஷயங்களை அந்தப் பகுதிப் பெரியவர்களிடமே போய்க் கேட்டு எழுதினார்கள். இரண்டிலும் கேட்டவர்கள் பேராசிரியர்கள் இல்லை, பள்ளிப் பிள்ளைகள். கேட்கத் தெரிந்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எப்படிக் கேட்பது?

படகு கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். “உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் தொழிலின் பெருமை வரும், நசிந்துபோன வருத்தம் வரும். அதற்குப் பதிலாக, “காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். “ஒரு மரத்தைப் பார்த்ததும் இது உதவாது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?” “முதன்முதலில் ஒரு பலகையைக் கெடுத்தபோது யார் திட்டினார், என்ன வார்த்தை சொல்லித் திட்டினார்?” இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். அந்தத் திட்டோடு கூடவே குருவின் பெயர், பட்டறை இருந்த இடம், கூலி எப்படிக் கிடைத்தது, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். ‘எப்படி’, ‘எங்கே’, ‘யார் கூட’, ‘அப்புறம்’ என்கிற கேள்விகள் நினைவைக் கிளறுகின்றன. ‘ஏன்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்பதே நல்லது. எடுத்த எடுப்பில் ஏன் என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கிறது, சொல்பவரும் தன் செயலுக்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

ஆமாம், இல்லை என்று முடித்துவிடக்கூடிய கேள்விகளும் ஒரே மூச்சில் கேட்கும் இரட்டைக் கேள்விகளும் எல்லாக் கையேட்டிலும் எச்சரிக்கப்படுபவைதான், அதை விட்டுவிடுகிறேன். அதைவிட மோசமானது அனுதாபக் கேள்வி. “ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே?” என்று நீங்களே உணர்ச்சியை எடுத்துக் கொடுத்தால், மரியாதைக்காகவாவது அவர் ஆமாம் என்பார். அவருக்கு உண்மையில் அது ஜாலியான காலமாகக்கூட இருந்திருக்கலாம். இனி அது வெளியே வராது.

ஆண்டு கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் சேமித்து வைப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, மூத்த பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்ததா, பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷமா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். ஆண்டாக மாற்றுவது உங்கள் வேலை, வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். நினைவு பற்றி ஆராயும் உளவியலாளர்கள் சொல்லும் ஒரு செய்தியும் இங்கே உதவும்: வயதானவர்களுக்குத் தங்கள் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் மற்ற பருவங்களைவிட அதிகமாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கின்றன. ஆகவே முதல் வேலை, முதல் வீடு, முதல் பயணம் என்று அங்கிருந்து நுழைவது சுலபம். வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கதவு எங்கே, அடுப்பு எங்கே என்று கோடு போடும்போதே யார் எங்கே படுத்தார்கள், யார் உள்ளே வரக்கூடாது என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழும்.

பழைய புகைப்படமோ கருவியோ கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒலிப்பதிவு என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் கையை விரித்து “இது இவ்வளவு நீளம், இதை இப்படிப் பிடித்து இங்கே அடிப்போம்” என்பார். எதிரே இருக்கும் உங்களுக்குப் புரியும், பதிவைக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. “அதாவது முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம், இடது கையில் பிடிக்கிறீர்கள்” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும்.

அப்புறம் மௌனம். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தியதும் நமக்குப் பதற்றம் வந்து அடுத்த கேள்விக்குத் தாவுகிறோம், உண்மையில் அவர் முடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார். சில நொடிகள் சும்மா இருந்தால், சொன்னதை விட முக்கியமான ஒன்று வருவது அடிக்கடி நடக்கிற காரியம். ம், ஆமாம், அப்படியா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலியெழுப்பும் பழக்கத்தையும் விட வேண்டும், பின்னால் கேட்கும்போது அந்த ‘ம்’ எல்லாம் அவர் பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தலையசைப்பு போதும். ஊரில் நூறு தடவை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள் சிலரிடம் இருக்கும். அதை இடைமறிக்காமல் முழுதாகச் சொல்லவிட்டு, முடிந்ததும் “அப்போது அந்த அறையில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள்?” என்று கதைக்குள் இல்லாத ஒரு மூலையைக் கேளுங்கள். அந்த இடத்தில் அவர் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு நினைத்துப் பார்க்கத் தொடங்குவார்.

இதெல்லாம் சரி, ஞாபகம் தவறினால் என்ன செய்வது? வாய்மொழி வரலாறு மீது எப்போதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு இது, நியாயமானதும்கூட. இத்தாலிய ஆய்வாளர் அலெசாந்த்ரோ போர்தெல்லி இதற்கு ஓர் அற்புதமான உதாரணம் தருகிறார். தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி, 1949 மார்ச்சில், நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துப் போர்தெல்லி கேட்டபோது, தொழிலாளர்களில் பலர் அந்தச் சாவை 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள், பெரும் ஆட்குறைப்பை எதிர்த்துத் தெருவில் மோதல் நடந்த ஆண்டு அது. ஆவணத்தைக் காட்டி, இவர்கள் நம்பத்தகாதவர்கள் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார்: இத்தனை பேர் ஏன் ஒரே திசையில் தவறுகிறார்கள்? தங்களில் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டும் அன்றைக்குத் திருப்பி எதுவும் செய்ய முடியாமல் போனது அவர்களை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஆகவே தாங்கள் எழுந்து நின்று போராடிய ஒரு தருணத்துக்கு நினைவு அந்தச் சாவை நகர்த்தி வைத்துவிட்டது. தேதிக்கு ஆவணம் இருக்கிறது. அந்த உறுத்தலுக்கு இந்தத் தவறு மட்டும்தான் சாட்சி.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. ஆர்க்டிக் கடல்வழியைத் தேடி 1845இல் போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளினின் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களும் 129 பேரோடு காணாமல் போயின. 1854இல் ஜான் ரே என்பவர் ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் கேட்டறிந்த செய்திகளோடு திரும்பினார். பட்டினியில் மாண்டார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள் என்பது வரை அதில் இருந்தது. லண்டனில் அதை ஏற்க மனமில்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அந்த மக்களின் சொல்லை நம்பவே முடியாது என்று காரசாரமாக எழுதினார். கப்பல் ஒன்று எந்தப் பகுதியில் மூழ்கியது என்பதை இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். லூயி கமூக்காக் என்ற இனுயிட் வரலாற்றாளர் அந்தக் கதைகளைப் பெரியவர்களிடம் கேட்டுப் பல ஆண்டுகள் சேகரித்தார். 2014இல் எரிபஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அது அந்தக் கதைகள் காட்டிய பகுதியில்தான் கிடந்தது. மாண்டவர்களின் எலும்புகளில் இருந்த வெட்டுத் தடங்களும் ரே கொண்டுவந்த செய்தியை உறுதி செய்தன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997இல், கிட்க்ஸான், வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடி மக்களின் நில உரிமை வழக்கில், வாய்மொழி வரலாற்றையும் மற்றச் சான்றுகளுக்கு இணையாக எடைபோட வேண்டும் என்று சொன்னது. கீழ் நீதிமன்றம் அதற்கு அநேகமாக மதிப்பே தராமல் விட்டிருந்தது.

ஆக, கேட்பவர் செய்ய வேண்டியது இரண்டு. உட்கார்ந்திருக்கும்போது திருத்தாதீர்கள், “இல்லை ஐயா, அது 49” என்று ஒரு முறை சொன்னால் அதன்பிறகு அவர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஆகிவிடுவார். வெளியே வந்தபின், இன்னொருவர் சொன்னதோடும் கிடைக்கிற காகிதத்தோடும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நினைவுக் கோளாறைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு: கேட்பது யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்தவர்களை அரசுத் திட்டம் ஒன்றின் கீழ்ச் சந்தித்து 2,300க்கும் மேற்பட்டவர்களின் நினைவுகளை எழுதினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரே மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே சந்தித்திருக்கிறார்கள். வெள்ளைப் பெண்ணிடம், எஜமானர் நல்லவர் என்கிற தொனியில் பேசினார். கறுப்பின ஆண் ஒருவரிடம் சவுக்கடியைச் சொன்னார், குடும்பங்களைப் பிரித்து விற்றதைச் சொன்னார், அப்போது எழுந்த கதறலைச் சொன்னார். அந்த வெள்ளைப் பெண்ணை உதவித்தொகை தரும் அலுவலகத்து ஆள் என்று மூதாட்டி எண்ணிக்கொண்டதாகவும் தெரிகிறது. யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். நீங்கள் போகும்போதும் உங்கள் சாதி, வர்க்கம், பால், வயது, கையில் இருக்கும் போன் எல்லாமே உங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் நுழைகின்றன. அதை மறைக்க முடியாது. ஆனால் யார் கேட்டார், எந்த உறவில் கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறித்து வைக்கலாம்.

அதே இடத்துக்காரராக இருப்பதும் முழு வசதி கிடையாது. “உனக்குத் தெரியாததா” என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரியும், பின்னால் கேட்பவர்களுக்காக முழுசாகச் சொல்லுங்கள் என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஊரே உங்களுக்கு வழிகாட்டும், அதுதான் ஆபத்து. எல்லாரும் கைகாட்டும் அந்த ஒருவர் நன்றாகப் பேசுவார், தேதி எல்லாம் சொல்வார், ஊரின் பெருமைக்குப் பொருந்தாத எதையும் சொல்ல மாட்டார். பெண்கள் “எனக்கு என்ன தெரியும், அவரைக் கேளுங்கள்” என்பார்கள். அவரும் பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவியின் பிரசவத்தைப் பற்றிக்கூடத் தானே பதில் சொல்வார். தனியாகச் சந்திக்க இன்னொரு நாள் கேட்டுப் போவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. கூட்டமாக உட்கார்ந்து பேசுவது ஒரு விஷயத்துக்கு நல்லது, ஒருவர் மறந்த பெயரை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் கருத்து வேறுபாடு இருக்கும் விஷயம் கூட்டத்தில் வெளியே வராது.

கருவி பற்றிச் சுருக்கமாக. இன்றைய போன் போதும், மலிவான காலர் மைக் ஒன்று சேர்ந்தால் நிறையவே போதும். முடிந்தால் ஒலியைக் குறைக்காமல் அப்படியே வைக்கும் வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பதியுங்கள், ஒரு மைக் என்றால் மணிக்குச் சுமார் 500 எம்பிதான் ஆகும். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் ஒரு பகுதியை எறிந்துவிடுகிறது, அதைத் திரும்பப் பெற முடியாது. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, கடிகாரம் ஆகியவற்றின் சத்தம் நம் காதுக்குப் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், இருவர் பெயர் ஆகியவற்றைக் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது கூடவே இருக்கும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு இடத்தில். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் இழுக்க வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள், ஆனால் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள்.

எழுத்தில் படியெடுப்பதுதான் எல்லாரும் சலித்துக் கைவிடும் இடம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் எளிதில் போகும், வட்டார வழக்கு என்றால் இன்னும் கூடும். தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் உதவும்தான், ஆனால் பல் போன வாயின் உச்சரிப்பு, இடப்பெயர், தொழிற்சொல் என்று எதற்காக இந்தப் பதிவைச் செய்தோமோ சரியாக அங்கேதான் அவை கோட்டை விடுகின்றன. முழுதாக எழுத முடியாவிட்டால், ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் என்ன பேசப்பட்டது என்ற குறிப்பாவது போடுங்கள், அது இல்லாத பதிவை யாரும் திறக்கப்போவதில்லை. பேச்சைச் செந்தமிழாக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். கொலம்பியாவில் ஆரம்ப ஆண்டுகளில் எழுதி முடித்ததும் ஒலிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். நாடா விலை ஒரு காரணம், எழுத்துதான் ஆவணம் என்ற எண்ணம் இன்னொரு காரணம். அந்தக் குரல்கள் எங்கே தயங்கின, எங்கே சிரித்தன என்று இனி யாருக்கும் தெரியாது.

கடைசியாக, சம்மதம். ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழுவினரை 2001 முதல் 2006 வரை பேட்டி எடுத்து, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று உறுதி சொல்லிப் பதிந்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் தரப்பின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தது, இழுபறிக்குப் பின் சில பதிவுகள் போலீசிடம் போயின, கைதுகளும் நடந்தன. சட்டத்தை மீறிக் காக்க முடியாத வாக்குறுதியை யாரும் கொடுக்கக் கூடாது என்று இந்தத் துறை மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

உள்ளூர் அளவில் ஆயுதக் குழு இருக்காது. நிலத் தகராறு இருக்கும், யாரோ ஓடிப்போன கதை இருக்கும், இன்றும் அதே தெருவில் வாழும் ஒருவரின் அப்பாவைப் பற்றிய குற்றச்சாட்டு இருக்கும். பேசியவர் சம்மதித்திருப்பார், பேசப்பட்டவர் சம்மதிக்கவில்லை. அதனால் படிவத்தில் ஒரே வரியில் “பயன்படுத்திக்கொள்ளலாம்” என்று எழுதி வாங்காமல், எதை இணையத்தில் போடலாம், எதை ஆய்வாளர் மட்டும் கேட்கலாம், எந்தப் பகுதியைக் குறிப்பிட்ட ஆண்டுகள் மூடி வைக்கலாம், மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்று பிரித்துக் கேளுங்கள். பதிவுக்கு முன் ஒரு முறை விளக்குங்கள், பேசி முடித்தபின் மறுபடியும் கேளுங்கள், ஏனென்றால் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவருக்கே முன்னால் தெரிந்திருக்காது. குரலைப் போலியாக உருவாக்க முடிகிற இந்தக் காலத்தில், முழுக் கோப்பையும் யாரும் தரவிறக்கும்படி பொதுவெளியில் போட வேண்டுமா என்பதையும் அவரிடமே விட்டுவிடுவது நல்லது என்பேன்.

பதிவின் பிரதி ஒன்றைப் பேசியவர் கையில் கொடுங்கள், அவருக்குத் திறக்கத் தெரிந்த வடிவத்தில். பேரப்பிள்ளைகள் போட்டுக் கேட்பார்கள், பெரியம்மா ஒருவர் வந்து “அது அப்படி இல்லை” என்பார், விட்டுப்போன பெயர்களோடு உங்களுக்குப் போன் வரும். பெரும்பாலும் இரண்டாவது அமர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது, முதல் அமர்வில் வாயைத் திறக்காதவர்களும் அதில் பேசுகிறார்கள்.